ஒரு வீடு, இரண்டு ரவுட்டர்

புனே நகரின் வடக்கே இருக்கிறது போபோடி. பக்கத்தில் மூளா ஆறு ஓடுகிறது. ஆற்றைத் தாண்டினால் தாபோடி. இந்தப் பக்கம் கட்கி. மும்பைக்குப் போகும் பழைய சாலை போபோடி வழியாகத்தான் போகிறது. 2023 ஆகஸ்ட் 1ஆம் தேதி இங்கே மெட்ரோ ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன.

அப்படி ஒரு குடும்பம். வீடு குறுகலானது. கீழே ஓர் அறையும் சமையலறையும். மேலே ஓர் அறை. அம்மா காலையில் வாசலில் இட்லி விற்கிறார். அப்பா வேலைக்குப் போகிறார். மகள் நர்சிங் படிக்கிறாள். அம்மா எழுதப் படிக்கக் கற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

மகளுக்கு இரவு எட்டு மணிக்கு செல்போனில் வகுப்பு. மேல் அறையில் உட்கார்ந்தால் டீச்சரின் படம் அப்படியே நின்றுவிடும். பேச்சும் பாதியில் அறுந்துவிடும். அதனால் அவள் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்காருவாள். ஒரு பக்கம் குக்கர் விசில். மறு பக்கம் தெருச் சத்தம். நடுவில் படிப்பு.

"மேலே போய் அமைதியா படியேன்" என்றார் அம்மா.

"மேலே வைஃபை வராதும்மா. போன வாரம் பாதி வகுப்பு போச்சு. அடுத்த மாசம் பரீட்சை" என்றாள் மகள்.

ஏன் மேலே வரவில்லை?

இன்டர்நெட் கம்பி வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. அது ஒரு சிறிய பெட்டியில் முடிகிறது. அந்தப் பெட்டிதான் ரவுட்டர். கம்பியில் வருவதை அது வானொலி அலையாக மாற்றுகிறது. வீட்டில் உள்ள செல்போன்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அந்த அலையைத்தான் வைஃபை என்கிறோம்.

அலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கும் தடை உண்டு. செங்கல் சுவர் அலையைக் குறைக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இன்னும் அதிகமாகக் குறைக்கும். இரும்பு பீரோவும் தண்ணீர்த் தொட்டியும் கூடத் தடைதான்.

முதலில் அம்மா பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து உயரமான அலமாரியில் வைத்தார். பீரோவை விட்டுத் தள்ளி வைத்தார். கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. ஆனால் மேல் அறைக்கு அது போதவில்லை.

"இன்னொரு கனெக்‌ஷன் எடுத்துடலாமா?" என்று அப்பா கேட்டார்.

"மாசா மாசம் ரெண்டு பில் கட்ட முடியுமா? பரண்ல ஒரு பழைய பெட்டி இருக்கே" என்றார் அம்மா.

அது வேறு நிறுவனத்தின் பெட்டி. ஆனாலும் உதவும். வைஃபைக்கு உலகப் பொது விதி உண்டு. அந்த விதி 1997இல் முதன்முதலாக வெளிவந்தது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேசுகிறது.

முதல் முயற்சி

மகள் ஒரு கம்பி வாங்கி வந்தாள். இரண்டு பெட்டிகளையும் அப்படியே இணைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

சிறிது நேரத்தில் அம்மாவின் செல்போனில் இன்டர்நெட் நின்றது. பிறகு அப்பாவின் செல்போனிலும் நின்றது. வைஃபை அடையாளம் மட்டும் நிறைய இருந்தது. அன்று மகளின் வகுப்பு முழுவதும் போயிற்று. கம்பியைப் பிடுங்கி, பெட்டியை அணைத்துப் போட்ட பிறகுதான் எல்லாம் சரியாயிற்று.

தவறு எங்கே?

மறுநாள் மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஓர் அக்காவிடம் கேட்டு வந்தாள். வீட்டில் அம்மாவிடம் விளக்கினாள்.

"ரேஷன் கடையில டோக்கன் கொடுப்பாங்க இல்லையாம்மா? ரெண்டு பேர் தனித்தனியா டோக்கன் கொடுத்தா என்ன ஆகும்?"

"ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் வரும். சண்டைதான் வரும்" என்றார் அம்மா.

"இங்கேயும் அதேதான் நடந்தது."

ரவுட்டர் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அந்த எண்தான் கருவியின் முகவரி. முகவரி இருந்தால்தான் செய்தி சரியான கருவிக்குப் போய்ச் சேரும். இப்படி எண் கொடுக்கும் வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். போபோடி வீட்டில் இரண்டு பெட்டிகளும் எண் கொடுத்தன. அது மட்டுமல்ல. இரண்டு பெட்டிகளின் சொந்த முகவரியும் ஒன்றாகவே இருந்தது. அதனால்தான் குழப்பம்.

ஒரு வீட்டில் எண் கொடுப்பது ஒரே பெட்டியாக இருக்க வேண்டும். இரண்டாவது பெட்டி அலையை மட்டும் பரப்பினால் போதும்.

இரண்டாம் முயற்சி

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். அம்மா பழைய பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஐந்து துளைகள் இருந்தன.

"இதுல நாலு துளைக்கு ஒரே எழுத்து. எல், ஏ, என். இந்த ஒண்ணு மட்டும் வேற. டபிள்யூ, ஏ, என்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார்.

அந்த ஓர் எழுத்து முக்கியம். 'வேன்' துளை வெளியிலிருந்து இன்டர்நெட் வரும் வழி. 'லேன்' துளை வீட்டுக்குள் உள்ள கருவிகளுக்கான வழி. இரண்டாவது பெட்டியும் வீட்டுக்குள் இருக்கும் கருவிதான். ஆகவே அதற்கு 'லேன்' துளை.

அவர்கள் செய்த வேலை இது. அம்மா ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டார்.

1. கீழ்ப் பெட்டியின் முகவரியைப் பார்த்தார்கள். அது 192.168.1.1. அந்தப் பெட்டி 100 முதல் 200 வரை எண் கொடுத்து வந்தது. பார்த்த பிறகு அதை அணைத்து வைத்தார்கள்.

2. பழைய பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அதன் வைஃபையில் செல்போனை இணைத்தார்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த முகவரியைச் செல்போனில் அடித்தார்கள். அமைப்புப் பக்கம் திறந்தது. அதன் பழைய கடவுச்சொல்லை மாற்றினார்கள்.

3. பழைய பெட்டிக்கு 192.168.1.2 என்று புது முகவரி கொடுத்தார்கள். கீழ்ப் பெட்டி கொடுக்கும் எண்களில் இது சேராது. அதனால் மோதல் வராது. பிறகு புது முகவரியை அடித்து மறுபடி உள்ளே போனார்கள்.

4. கீழ்ப் பெட்டியின் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே இதற்கும் வைத்தார்கள். அப்படி வைத்தால், மாடி ஏறும்போது செல்போன் தானாகவே மேல் பெட்டிக்கு மாறிக்கொள்ளும்.

5. அலை செல்லும் தடத்துக்குச் சேனல் என்று பெயர். கீழ்ப் பெட்டி 1ஆம் சேனலில் இருந்தது. மேல் பெட்டியை 6ஆம் சேனலில் வைத்தார்கள். 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை.

6. கடைசியாக, பழைய பெட்டியில் டி.எச்.சி.பி.யை நிறுத்தினார்கள்.

7. கீழ்ப் பெட்டியை மறுபடி போட்டார்கள். அதன் 'லேன்' துளையிலிருந்து கம்பியை மாடிப்படி ஓரமாகக் கொண்டு போனார்கள். மேல் பெட்டியின் 'லேன்' துளையில் செருகினார்கள். 'வேன்' துளையைக் காலியாக விட்டார்கள்.

சில புதிய பெட்டிகளில் 'அக்சஸ் பாயின்ட்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொட்டால் டி.எச்.சி.பி. தானாகவே நின்றுவிடும். அப்படிப்பட்ட பெட்டியில் எந்தத் துளையில் செருகுவது என்று அதன் குறிப்புப் புத்தகத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கம்பி இல்லாமல் முடியாதா?

முடியும். 'ரிப்பீட்டர்' என்ற முறையில் இரண்டாவது பெட்டி அலையை வாங்கி, அதையே திரும்ப அனுப்பும். ஆனால் ஒரே அலையில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். அதனால் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். கம்பியில் அந்தக் குறை இல்லை. ஒரே கம்பி 100 மீட்டர் வரை போகலாம்.

வாங்கி அனுப்பும் இந்த முறை ஊர்களையும் இணைத்திருக்கிறது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் அதன் சிறு கண் பரிசோதனை நிலையங்கள் உண்டு. 2000களின் நடுவில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து மருத்துவமனை இவற்றை வைஃபை மூலம் இணைத்தது. உயரமான கம்பங்களில் ஆன்டெனா வைத்தார்கள். சில இணைப்புகள் பல கிலோமீட்டர் தூரம் போயின. நேராக எட்டாத இடத்தில் நடுவே ஒரு ரவுட்டர் வைத்தார்கள். அது வாங்கி அடுத்ததற்கு அனுப்பியது. தேனியில் இருந்த டாக்டர், ஊரில் இருந்த நோயாளியைத் திரையில் பார்த்துப் பேசினார். நோயாளிக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

பாதுகாப்பு

கடவுச்சொல் இல்லாத வைஃபை, பூட்டில்லாத வீடு போன்றது. அதில் யாரும் நுழையலாம். அமைப்புப் பக்கத்தில் 'டபிள்யூ.பி.ஏ. 2' அல்லது 'டபிள்யூ.பி.ஏ. 3' என்ற பூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், செல்போன் எண் ஆகியவற்றைக் கடவுச்சொல்லாக வைக்கக் கூடாது.

அன்று இரவு எட்டு மணி. மகள் மேல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். டீச்சரின் படம் நிற்கவில்லை. பேச்சு அறுபடவில்லை. மாடிப்படியின் கடைசிப் படி காலியாக இருந்தது.

சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தார்.

"அக்கா, எங்க வீட்டுலயும் மேலே வரலை. யாரைக் கூப்பிட்டீங்க?"

"யாரையும் கூப்பிடலைம்மா. படிச்சுப் பார்த்துச் செஞ்சோம். நீயும் எழுதிக்கோ" என்று அம்மா தன் நோட்டை எடுத்து நீட்டினார்.

படித்தோம், விடை சொல்வோம்

1. வைஃபை அலையைக் குறைக்கும் பொருள்கள் எவை? உங்கள் வீட்டில் அவை எங்கே இருக்கின்றன?
2. முதல் முயற்சியில் இன்டர்நெட் ஏன் நின்றது?
3. 'லேன்' துளைக்கும் 'வேன்' துளைக்கும் என்ன வேறுபாடு?
4. உங்கள் வீட்டு ரவுட்டரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது? படித்து நோட்டில் எழுதுங்கள்.