முன்கதையை மீண்டும் படிப்போம்

அமரர் கல்கி எழுதிய 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகிய இரண்டும் பல்லவர் காலத்துக் கதைகள். இவற்றுள் முதலில் எழுதப்பட்டது 'பார்த்திபன் கனவு'. அது 1941-ஆம் ஆண்டு 'கல்கி' இதழில் தொடங்கியது. 'சிவகாமியின் சபதம்' 1944-இல்தான் தொடங்கிற்று. ஆயினும் கதை நிகழும் காலத்தை நோக்கினால் சபதம் முந்தியது, கனவு பிந்தியது. ஆகவே, கனவைக் கையில் எடுக்குமுன், முன்பே படித்ததுதானே என்று எண்ணாமல், சபதத்தை மீண்டும் ஒரு முறை படிப்பது நன்று. அதன் பயனைக் காண்போம்.

'பார்த்திபன் கனவை' மட்டும் படிக்கும்போது நம் மனம் சோழர் பக்கமே சாய்கிறது. உறையூர் மன்னன் பார்த்திபன் கப்பம் கட்ட மறுத்து, சிறு படையுடன் போர்க்களம் புகுந்து உயிர் துறக்கிறான். அவன் மகன் விக்கிரமன் நாடு கடத்தப்படுகிறான். இத்தனைக்கும் காரணமான நரசிம்மவர்மர் ஈவிரக்கமற்ற பேரரசராகவே நமக்குத் தோன்றுகிறார்.

சபதத்தை மீண்டும் படித்தபின் அவரையே வேறு கண்களால் பார்க்கிறோம். வாதாபியைத் தீக்கிரையாக்கித் தன்னை மீட்க வேண்டும் என்று சிவகாமி செய்த சபதத்தை நிறைவேற்ற அவர் பல ஆண்டுகள் படை திரட்டினார். வெற்றி கிட்டியது, ஆனால் ஒரு மாநகர் எரிந்தது. சிவகாமியோ மீண்டு வந்தபோது, அவர் மணமாகி மக்களைப் பெற்றிருப்பதைக் கண்டு, ஏகாம்பரநாதருக்கே தன்னை அர்ப்பணித்தாள். கோபத்தில் பிறந்த சபதம் என்ன விலை கேட்கும் என்பதை அறிந்த அந்த மனிதர்தான், கனவில் சிவனடியார் வேடம் பூண்டு, இறந்த பகைவனின் மகனைக் காக்கிறார். அவ்வேடமும் நமக்குப் புதிதன்று. அவருடைய தந்தை மகேந்திரவர்மர் வஜ்ரபாகுவாக உலவியதை முன்கதையில் பார்த்திருக்கிறோமல்லவா! அங்கே குழந்தையாக வந்த குந்தவியே இங்கே கதாநாயகியாக வளர்ந்து நிற்கிறாள்.

இதனால் பார்த்திபனின் விடுதலை வேட்கை சிறுத்துவிடவில்லை. அவன் பக்கத்து நியாயம் நியாயமே. ஆனால் எதிர்ப் பக்கத்திலும் துன்பம் அறிந்த ஓர் உள்ளம் இருந்ததை நாம் இப்போது உணர்கிறோம்.

மீண்டும் படிக்கையில் வரலாற்றையும் கற்பனையையும் பிரித்தறிதல் வேண்டும். மகேந்திரவர்மர், நரசிம்மவர்மர், இரண்டாம் புலிகேசி ஆகியோர் வரலாற்று மன்னர்கள். பல்லவர் வாதாபியை வென்றது கி.பி. 642-இல். இன்று கருநாடக மாநிலத்தில் பாதாமி எனப்படும் அவ்வூரில் நரசிம்மவர்மரின் கல்வெட்டு உள்ளது. வாதாபிப் போரில் பரஞ்சோதி பங்கு கொண்டதைப் பெரிய புராணம் கூறுகிறது. அவரே பின்னர் சிறுத்தொண்டர் எனப் பெயர் பெற்றார். சிவகாமி, நாகநந்தி, பார்த்திபன், படகோட்டி பொன்னன் ஆகியோரோ ஆசிரியரின் படைப்புகள். படிக்கும்போதே குறிப்பேட்டில் இவ்விரு வகையினரையும் தனித்தனியே எழுதி வந்தால், கதையின் சுவையும் கெடாது. வரலாற்றுப் பாடமும் குழம்பாது.

மத்தேயு நற்செய்தி ஆபிரகாம் முதலான தலைமுறைகளின் பட்டியலோடு தொடங்குகிறது. பழைய ஏற்பாட்டை அறியாதவருக்கு அது வெறும் பெயர் வரிசை. அறிந்தவருக்கோ ஒவ்வொரு பெயரும் ஒரு வாழ்க்கை. மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்கும் இவ்வுண்மை கதை நூல்களுக்கும் பொருந்தும்.

மனிதருக்கும் அது பொருந்தும். வகுப்பில் கடுகடுப்பாகப் பேசும் தோழிக்கும், கண்டிப்பு மிகுந்த ஆசிரியைக்கும் நாம் படித்திராத முற்பகுதி ஒன்று உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறாமல், முன்னே நடந்ததைப் பொறுமையுடன் அறிய முயல்வோம். நல்ல நூல்கள் நமக்குத் தரும் பயிற்சி இதுவே.