வேறுபட்ட அலுமினியக் கலவைகளை இணைக்க முனையும் இளம் பொறியாளருக்கு

உராய்வுக் கலக்கல் பற்றவைப்பில் புதிதாக இறங்கும் பொறியாளர் தம் அறிக்கையில் முதலில் எழுத விரும்புவது இணைப்பின் இழுவலிமையைத்தான். 6061, 7075 என்னும் இரு அலுமினியக் கலவைகளை இணைக்கும்போது அந்த ஓர் எண்ணே அவரை எளிதில் ஏமாற்றிவிடும் என்று எச்சரிக்கவே இக்கடிதம் எழுதப்படுகிறது.

இங்கிலாந்தின் வெல்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேய்ன் தாமஸும் உடன் பணியாற்றியோரும் 1991இல் உருவாக்கிய இம்முறையில் உலோகம் உருகுவதில்லை. சுழலும் கருவியின் அகன்ற தோள்பகுதி தகடுகளின் மேற்பரப்பில் உராய்ந்து வெப்பமூட்ட, அதன் அடியில் நீண்டிருக்கும் முனை இளகிய உலோகத்தைப் பிசைந்து ஒன்றாக்குகிறது. துத்தநாகம், மெக்னீசியம், செம்பு கலந்த 7075 ஏறத்தாழ 477 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கி 635 டிகிரி வரை பாதி உருகிய நிலையிலேயே நீடிப்பதால், உருக்கிப் பற்றவைத்தால் உறையும்போதே வெடிப்பு காண்கிறது. மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்த 6061 உருகத் தொடங்குவதோ ஏறத்தாழ 582 டிகிரியில். ஆகவே வெப்பத்தின் மேல்வரம்பை வலிய கலவையான 7075 விதிக்க, அவ்வெப்பத்தால் வரும் மென்மையாதலின் இழப்பை வலிமை குறைந்த 6061 ஏற்கிறது. இவ்விணையின் சிக்கல் முழுவதும் இந்த முரணில்தான் இருக்கிறது.

எத்தகட்டை எப்பக்கம் வைப்பது என்பது அடுத்த கேள்வி. கருவியின் சுழற்சித் திசையும் நகர்வுத் திசையும் ஒன்றாக அமையும் பக்கம் முன்னேறும் பக்கம் எனவும், எதிரெதிராக அமைவது பின்வாங்கும் பக்கம் எனவும் வழங்கப்படுகின்றன. 6061ஐ முன்னேறும் பக்கத்தில் வைக்கும்போது கலப்பு சிறப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன; எனினும் அதைப் பொதுவிதியாக்கி வேறு கலவை இணைகளுக்கும் கொண்டுசெல்லாமல், தகடுகளை இடம் மாற்றியும் பற்றவைத்து இரு வெட்டுமுகங்களையும் ஒப்பிடுவதே முறை. கெல்லர் கரைசலில் அரித்தால் 7075 கருத்தும் 6061 வெளிறியும் தெரிவதால், எந்த உலோகம் எங்கே பாய்ந்தது என்பதைக் கண்ணாலேயே படிக்கலாம். அக்கரைசலில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருப்பதால், கையுறையும் புகைபோக்கி அறையும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் இன்றி அதைத் தொடவே கூடாது.

6061க்குக் கடினத்தன்மை தரும் நுண்ணிய வீழ்படிவுகள் வெப்பத்தால் பருத்தும் கரைந்தும் போவதால், கலக்கப்பட்ட பகுதிக்கு அப்பால், வெப்பம் மட்டுமே தாக்கிய 6061 பகுதி மிக மென்மையாகிறது. இழுவைச் சோதனையில் மாதிரி பெரும்பாலும் அங்கேதான் அறுகிறது. அப்போது கிடைக்கும் எண் 6061 எவ்வளவு மென்மையாகிவிட்டது என்பதைச் சொல்லுமேயன்றி, இரு உலோகங்களும் உண்மையில் ஒன்றிவிட்டனவா என்பதைச் சொல்லாது. முனை சற்றுக் குட்டையானால் தகட்டின் அடிப்பகுதி இணையாமல் நிற்கும். ஆக்சைடு படலம் சிதையாமல் தங்கினால் தொட்டுக்கொண்டிருந்தும் ஒட்டாத இணைப்பு உருவாகும். எக்ஸ்ரேயில் எளிதில் சிக்காத இக்குறைகள் மீள்சுமையில் இணைப்பின் ஆயுளைப் பெரிதும் குறைக்கின்றன. அடிப்பக்கம் விரியும்படி வளைத்துப் பார்ப்பதே இவற்றை வெளிக்கொணரும் எளிய வழி. தவிர, கலக்கப்பட்ட பகுதியிலுள்ள 7075 அறை வெப்பநிலையிலேயே நெடுநாள் மெல்லக் கடினமாகிக்கொண்டிருக்கும். பற்றவைத்த மறுநாள் அளந்த கடினத்தன்மையை ஒரு மாதம் கழித்து அளந்ததோடு ஒப்பிடுவது பிழை.

எனவே, இழுவலிமையின் அருகிலேயே மாதிரி அறுந்த இடம், அடிப்பக்க வளைவுச் சோதனையின் முடிவு, பற்றவைப்புக்கும் சோதனைக்கும் இடைப்பட்ட நாட்கள் ஆகியவற்றையும் இளம் பொறியாளர் தவறாமல் எழுத வேண்டும். குறை தென்பட்ட சுழல்வேகங்களையும் நகர்வேகங்களையும் நீக்கிவிடாமல் அறிக்கையின் முடிவு அட்டவணையிலேயே சேர்க்க வேண்டும்.