பிளாட்டிபஸ் ஏன் தனி ரகம்?

கேள்வி: நீர்நாய், பீவர், பிளாட்டிபஸ் மூன்றுமே நீரிலும் கரையிலும் வாழும் பாலூட்டிகள்தானே? பிளாட்டிபஸை மட்டும் ஏன் அதிசயம் என்கிறார்கள்?

பதில்: அடர்ந்த ரோமம், விரல்களுக்கிடையே சவ்வு என்று மூன்றுக்கும் பொதுவானவை உண்டு. நீரில் பிழைக்கத் தேவையான உடலை ஒவ்வொன்றும் தனித்தனியே பெற்றிருக்கிறது. ஒற்றுமை அதோடு சரி.

பீவர் பின்னங்கால்களால் உந்தி நீந்தும். பிளாட்டிபஸோ முன்னங்கால்களால் துடுப்புப் போடும். பின்னங்கால்களும் வாலும் திசைதிருப்பத்தான். காவிரியில் வாழும் நீர்நாய் கண்ணாலும் மீசையாலும் மீனைத் தேடுகிறது. பிளாட்டிபஸ் நீருக்குள் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்கிறது. இரையின் தசை அசையும்போது எழும் மெல்லிய மின்சாரத்தை அதன் அலகு உணர்கிறது. அந்த அலகில் சுமார் 40,000 மின்னுணர்விகள் இருக்கின்றன!

மற்ற இரண்டும் குட்டி போடும், இது முட்டையிடும். முலைக்காம்பு கிடையாது. தோலில் கசியும் பாலைக் குட்டிகள் நக்கிக் குடிக்கும். ஆணின் பின்னங்காலில் விஷமுள்ளும் உண்டு. 1799ல் இதை விவரித்த ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா, யாரோ ஒட்டுவேலை செய்து ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகித்ததில் வியப்பில்லை.

இந்த உயிர் இயற்கையாக வாழ்வது கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும் மட்டுமே. வறட்சியாலும் அணைகளாலும் அதன் ஆறுகள் சுருங்கி வருகின்றன. ஆற்றைக் காப்பாற்றினால்தான் இந்த அதிசயம் நிலைக்கும்.