அச்சுக்கு முன் வர்ணங்களைப் பிரித்துப் பாருங்கள்

லேபல், பெட்டி, கட்டலொக் அச்சிடும் வியாபாரிகள் பலர் கணினித் திரையில் டிசைனைப் பார்த்ததும் சம்மதம் சொல்லிவிடுகிறார்கள். அது போதாது. ஒப்செட் இயந்திரம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற 4 தகடுகளைக் கொண்டே முழு வர்ணத்தையும் அச்சிடுகிறது. இன்டிசைன் மென்பொருளில் ‘செபரேஷன்ஸ் பிரிவியூ’, அக்ரோபாட் புரோவில் ‘அவுட்புட் பிரிவியூ’ மூலம் ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே பார்க்கலாம். எனது லேபல்களை இவ்வாறு பார்த்த பின்னரே நான் அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கறுப்பை மட்டும் மறைக்கச் சொல்லுங்கள். விலை, காலாவதித் திகதி போன்ற சிறிய கறுப்பு எழுத்துக்கள் முற்றாக மறைய வேண்டும். மறையாவிட்டால் அவற்றில் ஏனைய வர்ணங்களும் கலந்துள்ளன. அச்சிடும்போது கடதாசி சற்று விலகினாலும் எழுத்து கலங்கிவிடும்.

இரண்டாவது, தகடுகளை எண்ணுங்கள். 4 வர்ண வேலையில் ஐந்தாவது பெயர் இருந்தால் அது ஸ்பொட் கலர். தேவையில்லையெனில் 4 வர்ணத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மேலதிகத் தகட்டுக்கும் மைக்கும் நீங்கள் பணம் கொடுக்க நேரிடலாம்.

திரையில் தெரியும் நிறம் கடதாசியில் அப்படியே வராது. அதற்கு அச்சகத்திடம் புரூஃப் கேளுங்கள். தகடுகளைப் பார்க்கச் சில நிமிடங்களே செல்லும். அச்சாகிவிட்ட லேபலைத் திருத்த வழியில்லை.