மாலைக்கண்ணும் சத்து மாத்திரையும்

பொழுது சாய்ந்ததும் பிள்ளை தட்டுத் தடுமாறினால் தமிழ் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது முருங்கைக்கீரையும் மீன் எண்ணெயும். மலேசியாவின் ராசா, பத்தாங் காலி பக்கத்துத் தோட்டங்களில் அந்த வரிசையில் சத்து மாத்திரை டப்பாக்களும் சேர்ந்துவிட்டன. கண்ணுக்குச் சத்து போதவில்லை, கொடுத்தால் சரியாகிவிடும் என்பது நம்பிக்கை.

இது பாதி உண்மை. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண், அதைக் கொடுத்ததும் சில நாட்களிலேயே தெளியத் தொடங்கும். ஆனால் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயும் இதே தடுமாற்றத்தோடுதான் தொடங்குகிறது. உலகில் ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு வரும் இந்நோயில், மரபணுப் பிழையால் விழித்திரைச் செல்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. முதலில் இருட்டில் பார்வை மங்கும். பிறகு பக்கப் பார்வை குறுகும். மடிந்த செல்லைக் கீரை எழுப்பாது. செம்பனைப் பழத்துக்குச் செந்நிறம் தரும் கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவது உண்மைதான். ஆனாலும் அதனால் மரபணு திருந்தாது.

“டாக்டர்களே வைட்டமின் ஏ கொடுத்தார்களே?” கொடுத்தார்கள். பாஸ்டனில் எலியட் பெர்சன் குழுவினர் இந்நோய் உள்ள 601 பேரிடம் நடத்திய ஆய்வு 1993இல் வெளிவந்தது. தினம் 15,000 யூனிட் எடுத்தவர்களுக்கு விழித்திரையின் மின்துடிப்பு சற்று மெதுவாகக் குறைந்தது. ஆனால் பார்வைக் கூர்மையில் தெளிவான வேறுபாடு இல்லை. வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கோ நோய் விரைவதாகவே தெரிந்தது. பழைய பதிவுகளை மரபணுச் சோதனை முடிவுகளோடு சேர்த்து 2023இல் மறுபடி அலசியபோது, வைட்டமின் ஏ தந்ததாக நம்பப்பட்ட அந்தச் சிறு பலனும் தென்படவில்லை.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பது இன்னும் ஆபத்தான நம்பிக்கை. ஸ்டார்கார்ட் என்ற விழித்திரை நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் வைட்டமின் ஏ, கண்ணில் நச்சுக் கழிவு சேர்வதை அதிகமாக்கக்கூடும். அளவு மீறினால் ஈரலுக்கும் கர்ப்பிணி வயிற்றுச் சிசுவுக்கும் கேடு.

உணவு மாற்றம் உதவும் விதிவிலக்கும் உண்டு. விழித்திரையையும் தாக்கும் ரெஃப்சம் என்ற நோயில் சில கொழுப்புணவுகளை விலக்கினால் பாதிப்பு குறையும். ஆனால் அது மிக அரிது. இரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டியது.

கண் நோயைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதை மலேசியாவின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. டப்பாவில் ‘மால்’ பதிவு எண் இருந்தால் அது அரசிடம் பதிவானது என்று பொருள். பரம்பரைக் கண் நோயைத் தீர்க்கும் என்றல்ல.

மாத்திரைக்குப் போகும் பணம் விழித்திரை மருத்துவரைப் பார்க்கவும் மரபணுச் சோதனைக்கும் போகட்டும். ஆர்பிஇ65 என்ற மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கான மரபணு சிகிச்சைக்கு அமெரிக்கா 2017இலேயே அனுமதி தந்துவிட்டது. எந்த மரபணு என்று தெரியாமல் அதைப் பற்றிக் கேட்கவும் முடியாது. மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்களில், பார்வை நன்றாக உள்ள தாயும் தகப்பனும் ஒரே பிழையைச் சுமந்து பிள்ளைக்குத் தரும் வாய்ப்பு கூடுதல். அங்கே ஒரு பிள்ளைக்கு நோய் தெரிந்தால், கூடப் பிறந்தவர்களின் கண்களையும் சோதித்துவிட வேண்டும்.