செத்த செல்லை எழுப்பலாமா?



பழைய லேப்டாப் பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிப் பிரித்தால், பெரும்பாலும் உள்ளே ஆறு உருளைச் செல்கள் இருக்கும். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், அதனால்தான் 18650 என்று பெயர். இரண்டிரண்டாக மூன்று ஜோடிகள். பல சமயம் ஒரு ஜோடி கெட்டதும் முழு பேட்டரியும் நின்றுவிடும். மீதிச் செல்கள் இன்னும் உழைக்கும். ஆனால் எதை எடுப்பது, எதை ஒதுக்குவது?

பிரிக்கும்போதே கவனம் வேண்டும். செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ், மேல்மூடி மட்டும் பாசிட்டிவ். நடுவில் இருப்பது மெல்லிய உறையும் ஒரு வளையமும்தான். ஸ்க்ரூடிரைவர் அங்கே வழுக்கினால் ஷார்ட். துருப்பிடித்தது, நசுங்கியது, தின்னர் போல வாடை அடிப்பது எதுவும் வேண்டாம்.

அடுத்து மல்டிமீட்டர். 2.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சோதிக்கலாம். 2 வோல்ட்டுக்குக் கீழே போனதை ஒதுக்கிவிட வேண்டும். இங்கேதான் தகராறு! சில கடைகளில் 12 வோல்ட் ஒயரை ஒரு நொடி தொட்டு 'எழுப்பி' விடுகிறார்கள். மீட்டரில் 3 வோல்ட் ஏறும், "பொழச்சிடுச்சு" என்பார்கள். லெட் ஆசிட் பேட்டரியில் பழகிய கை அது. லித்தியத்தில் கதை வேறு. நெகட்டிவ் தகட்டுக்கு அடியில் இருப்பது செம்புத் தாள். மின்னழுத்தம் மிகவும் இறங்கினால் அந்தச் செம்பு திரவத்தில் கரைகிறது. திரும்ப சார்ஜ் ஏற்றினால் வேறு இடத்தில் உலோகமாகப் படிகிறது. இரு தகடுகளையும் பிரிக்கும் சவ்வோ சுமார் 20 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. அதைச் செம்பு துளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். அன்றைக்கே நடக்காது, பத்தாவது சார்ஜிலும் நடக்கலாம். வெளியே எத்தனை பாதுகாப்பு போர்டு போட்டாலும் அந்த ஷார்ட்டை அதனால் நிறுத்த முடியாது. உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியது.

தேறிய செல்லை ஒவ்வொன்றாக 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்து, அவ்வப்போது தொட்டுப் பார்க்கணும். சூடேறினால் தள்ளு. பிறகு இரண்டு வாரம் சும்மா வைக்கணும். இதுதான் பொறுமையைச் சோதிக்கும், ஆனால் மிக முக்கியம். 4.1-க்குக் கீழே இறங்கினால் உள்ளே கசிவு இருக்கிறது. கடைசியாக 500 மில்லி ஆம்பியர் லோடு கொடுத்து 3 வோல்ட் வரை இறக்க வேண்டும். நாலு மணி நேரம் தாங்கினால் 2000 மில்லி ஆம்பியர்-மணி.

மூன்று பேட்டரிகளில் எனக்குப் பதினெட்டு செல்கள் கிடைத்தன. ஏழு, 2 வோல்ட்டுக்குக் கீழே. இரண்டு சூடேறின. மூன்று, தானாக இறங்கின. இரண்டில் கொள்ளளவு குறைவு. மிச்சம் நாலு. நாலையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, ஹோல்டரில் பேரலலாக வைத்து, பாதுகாப்பு போர்டோடு என் அப்பாவின் சுண்டல் வண்டிக்கு விளக்கு செய்தேன். (செல் மீது நேராகச் சால்டரிங் வைக்காதீர்கள், சூடு சீலைக் கெடுக்கும்.)

"பதினெட்டு கொண்டாந்த, நாலுதான் போட்டிருக்க. மிச்சத்தையும் போடுடா, வெளிச்சம் ரொம்ப நேரம் வரும்ல?" என்றார் அப்பா. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. கேள்வி நியாயமானதுதான். நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் படுக்கிறோம், கதவும் ஒன்றுதான். அதைச் சொல்லித்தான் செம்பு கரையும் கதையை விளக்கினேன். இப்போது பகலில், திண்ணையில், மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறார். ராத்திரியில் போட யாரையும் விடுவதில்லை.

ஒதுக்கிய பதினான்கின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தேன். குப்பைத் தொட்டியில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.