மெத்தை கனத்துவிட்டதா, நமக்கு வயதாகிவிட்டதா?

(கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம்)



உங்கள் கல்யாணத்தில் சீராக வந்த கட்டிலும் மெத்தையும் இன்னும் வீட்டில் இருக்கின்றனவா? பல வீடுகளில் இருக்கின்றன. 25 வருஷம், 30 வருஷம் ஆகியும், பஞ்சை இரண்டு மூன்று தடவை அடித்துத் தைத்து, அதே மெத்தையில்தான் படுக்கிறோம். அன்றைக்கு அதை ஒரே ஆளாகச் சுருட்டித் தலையில் வைத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோனீர்கள். இன்றைக்கு ஒரு மூலையைத் தூக்கினாலே "அம்மாடி!" என்று இடுப்பைப் பிடிக்கிறீர்கள்.

மெத்தை கனக்கவில்லை. நம் உடம்புதான் மாறியிருக்கிறது. ஆகவே மெத்தையைப் புரட்டும் முறையையும் மாற்ற வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

உடம்பில் நடக்கும் மாற்றம் என்ன?

முப்பது வயதைத் தாண்டியதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு சில ஆண்டுகள் எலும்பு மிக வேகமாகத் தேய்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கனமானதைக் குனிந்து தூக்கும்போது முதுகெலும்பு நசுங்கிய பிறகுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

பருத்திப் பஞ்சில் இருவர் படுக்கும் மெத்தை 20 கிலோவைத் தாண்டும். கெட்டியாகத் திணித்துத் தைத்தது என்றால் 30 கிலோ வரைகூட வரும். ஒரு குடம் தண்ணீர் ஏறக்குறைய 15 கிலோ. குடத்துக்காவது கழுத்து உண்டு. இடுப்பில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். மெத்தைக்குப் பிடி கிடையாது. கையை நீட்டி, குனிந்து, உடம்பைத் திருகித் தூக்குகிறோம். எடை உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போக இடுப்பில் விழும் பாரம் பல மடங்காகிறது. குனிவதும் திரும்புவதும் ஒரே நேரத்தில் நடந்தால் முதுகுத் தண்டின் ஜவ்வு பிதுங்கலாம்.

"அப்படின்னா புரட்டாமலே விட்டுடலாமே?"

கூடாது. ஒரே பக்கம் படுத்தால் பஞ்சு நடுவில் குழி விழுந்து, இடுப்பு அதற்குள் இறங்கும். காலையில் எழுந்ததும் முதுகு பிடித்துக்கொள்ளும். மெத்தையில் வியர்வை ஊறி ஈரம் தங்கும். அந்த ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருகும். நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அவற்றின் தீனி. அவற்றின் எச்சம் மூக்கில் ஏறினால் தும்மல், இழுப்பு, ஆஸ்துமா வரும். ராத்திரியில் படுத்ததும் இருமல், வெளித் திண்ணையில் படுத்தால் இருமல் இல்லை என்கிறவர்கள், முதலில் மெத்தையைக் கவனியுங்கள்.

யார் தூக்கவே கூடாது?

1. பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாத பெண். "மருமக இருக்காளே, அவ செய்யட்டும்" என்று பச்சை உடம்புக்காரியை ஏவாதீர்கள். கர்ப்பிணியையும் ஏவக் கூடாது.

2. குடும்ப நல அறுவை செய்துகொண்ட ஆணோ பெண்ணோ, டாக்டர் சொன்ன நாள் முடியும் வரை. வயிற்றில் வேறு எந்த ஆபரேஷன் செய்தவரும் அப்படியே.

3. குடலிறக்கம் உள்ள ஆண்கள். அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ, இருமினால் புடைத்துப் படுத்தால் அமுங்கும் வீக்கம் இருந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம்.

4. கர்ப்பப்பை இறங்கிய பெண்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பல பிள்ளைகள் பெற்று, ஆயுள் முழுக்கப் பாரம் தூக்கிய பெண்களுக்கு, வயதாகும்போது இடுப்புக்குள் இருக்கும் தசைகள் தளர்ந்து கர்ப்பப்பை கீழே இறங்குகிறது. "கீழே ஏதோ வர்ற மாதிரி இருக்கு", "உட்கார்ந்தா உருண்டை மாதிரி தட்டுப்படுது", "இருமினா ஒண்ணுக்கு வந்துடுது" என்பார்கள். அதுவும் டாக்டரிடம் சொல்லும்போதுதான். கட்டிய கணவனிடம்கூட வருஷக்கணக்காகச் சொல்லாமல் அடக்கி வைக்கிற பெண்கள் உண்டு. அவர் பாட்டுக்கு "மெத்தையை எடுத்துப் போடு" என்பார். இவரும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவார்.

தாய்மார்களே, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இதற்கு வைத்தியம் உண்டு. ஆரம்ப நிலையில் தசையை இறுக்கும் பயிற்சி போதும். முற்றினால் உள்ளே வளையம் பொருத்தலாம், ஆபரேஷன் செய்யலாம். கணவன்மார்களே, உங்கள் மனைவி பாரம் தூக்கத் தயங்கினால் சோம்பல் என்று எண்ணாதீர்கள். "உனக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று கணக்கு வைத்துக்கொண்டால் மறக்காது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும் ஊர்களில் புரட்டாசி வெயிலிலேயே முடித்துவிடுங்கள்.

காலையில் எழுந்த உடனே இந்த வேலையில் இறங்காதீர்கள். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகுத் தண்டின் ஜவ்வுகள் நீர் கோத்து உப்பியிருக்கும். எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு செய்யுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.

இருவர் சேர்ந்து புரட்டும் முறை

முதல் விதி: ஒருவர் தனியாகச் செய்யவே கூடாது. இது பெண் வேலை, இது ஆண் வேலை என்பதும் கிடையாது. இருவரும் படுக்கும் மெத்தை, இருவரும் புரட்டட்டும்.

1. தலையணை, விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். தரையில் ஈரம் இருக்கக் கூடாது. வேட்டி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுங்கள்.

2. தலைமாடு கால்மாடு மாற்றுவதற்குத் தூக்கவே வேண்டாம். ஆளுக்கொரு எதிர் மூலையில் நின்று, ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் இழுத்தால், திரிகை சுற்றுவதுபோல் மெத்தை சுற்றி வரும். கட்டிலின் சட்டம் தடுத்தால் அந்த மூலையை மட்டும் மடக்கி விடுங்கள்.

3. நார் மெத்தை போல விறைப்பானதை மேல் கீழாகப் புரட்ட, இருவரும் ஒரே பக்கம் நில்லுங்கள். பாதங்களை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி உங்கள் பக்க விளிம்பை உயர்த்தி, மெத்தையைக் கட்டிலின் மேலேயே நிறுத்துங்கள். அதன் அடியை உங்கள் பக்கக் கட்டில் விளிம்புக்கு இழுங்கள். பிறகு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து விடுங்கள். விழட்டும். மெத்தை உடையாது, தாங்கப் போனால் முதுகுதான் உடையும்.

4. நிற்காமல் துவளும் பஞ்சு மெத்தையைக் கட்டிலில் புரட்டப் போராட வேண்டாம். வெயிலில் போடும் நாளில், திரும்பக் கொண்டுவரும்போது பக்கத்தை மாற்றிப் போட்டால் போதும்.

5. மூச்சை அடக்காதீர்கள். அடக்கினால் வயிற்றில் அழுத்தம் ஏறும், ரத்த அழுத்தமும் ஏறும். வேலை செய்யும்போது இருவரும் பேசிக்கொண்டே இருங்கள். பேச்சு வரவில்லை என்றால் பாரம் அதிகம் என்று அர்த்தம். அப்போதே நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.

வெயிலில் போடும் நாள்

தலைச்சுமையாகத் தூக்கிப் படி ஏறவே கூடாது. மெத்தையை மடித்து, கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டினால் அந்தக் கயிறே பிடி ஆகும். பழைய போர்வையை விரித்து, அதன் மேல் மெத்தையை வைத்து, தரையோடு இழுத்துச் செல்வது அதைவிட நல்லது. மாடி வேண்டாம், வாசலில் கயிற்றுக் கட்டில் போதும். காலை 10 மணி முதல் 3 மணி வரை காயட்டும். நடுவில் ஒரு முறை திருப்புங்கள். தூசி தட்டுகிறவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளட்டும். இழுப்பு உள்ளவரும் குழந்தைகளும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

ரப்பர் சேர்த்த நார் மெத்தையைக் கடும் வெயிலில் நெடுநேரம் வைத்தால் ரப்பர் கெடும். நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

மூட்டைப்பூச்சி இருந்தால் மெத்தையின் தையல் ஓரங்களைப் பிரஷால் நன்றாகத் தேயுங்கள். கட்டிலின் பொருத்துகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். முட்டையிலிருந்து புதுப் பூச்சி வரும் என்பதால் பத்து நாள் கழித்து மறுபடியும் செய்யுங்கள். ஆனால் ஒன்று: வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தை மெத்தையிலோ கட்டிலிலோ தெளிக்கவே தெளிக்காதீர்கள். அந்த விஷம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். பூச்சியோடு மனிதர் உயிரும் போகும்.

ஒரு மெத்தையை இரண்டாக்குங்கள்

இதுதான் நாங்கள் சொல்லும் முக்கியமான யோசனை. அடுத்த முறை பஞ்சு அடிக்கும்போது, இருவர் படுக்கும் ஒரே மெத்தையை ஒருவர் படுக்கும் இரண்டு மெத்தைகளாகத் தைக்கச் சொல்லுங்கள். பாரம் பாதியாகும். இதைச் சொன்னால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

மனைவி: ஏங்க, மெத்தையை ரெண்டாத் தைக்கச் சொல்லி சுகாதாரத்துல சொல்றாங்க.

கணவன்: உங்க அப்பா குடுத்த சீரு. அதைப் போயி வெட்டுவாங்களா?

மனைவி: எங்க அப்பா நாம படுக்கத்தானே குடுத்தாரு. என் இடுப்பு ஒடியவா குடுத்தாரு?

கணவன்: கல்யாண மெத்தையை ரெண்டாக்குனா ஊர்ல என்ன சொல்லுவாங்க?

மனைவி: ரெண்டையும் சேர்த்துப் போட்டு மேல ஒரே விரிப்பு விரிச்சா யாருக்குத் தெரியும்?

அந்த அம்மா சொல்வது சரி. தைக்கும்போதே ஓரங்களில் நான்கு இடத்தில் நாடா வைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்து முடிந்து ஒரே விரிப்பை விரித்தால் ஒரே மெத்தைதான். தம்பதியரைப் பிரிக்கும் யோசனை அல்ல இது. வலி இல்லாமல் நெடுங்காலம் சேர்ந்து படுக்க வழி.

பஞ்சை மாற்றுவதாக இருந்தால் இலவம் பஞ்சைப் பாருங்கள். போடிநாயக்கனூர் பக்கத்திலிருந்து பல ஊர்களுக்கும் வருவது அதுதான். அதன் இழைக்குள் காற்று நிறைந்திருப்பதால் பருத்தியைவிட எடை குறைவு, ஈரமும் சீக்கிரம் ஏறாது. ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும். பீடி, கொசுவத்திச் சுருள் எதுவும் கிட்டே வரக் கூடாது.

கழிக்கும் மெத்தையைப் போகியில் கொளுத்தாதீர்கள். நார், ரப்பர், பஞ்சுப் புகை குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மூச்சு முட்டலைத் தரும்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

1. தூக்கிய உடனே முதுகில் "சுரீர்" என்று வலி வந்து, நிமிர முடியாமல் போனால்.

2. வலி காலுக்கு இறங்கி, கால் மரத்தால் அல்லது பலம் குறைந்தால்.

3. தொடை இடுக்கு மரத்துப் போனால். சிறுநீர், மலம் அடக்க முடியாமலோ கழியாமலோ போனால். இதில் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது.

4. குடலிறக்க வீக்கம் உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால்.

மூன்றும் நான்கும் அவசரம். 108-ஐக் கூப்பிடுங்கள். எண்ணெய் தேய்த்து வலிக்கிற இடத்தை மிதிக்கச் சொல்வது வேண்டாம். கடையில் வலி மாத்திரை வாங்கி நாள்கணக்கில் விழுங்குவதும் வேண்டாம். அது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மற்றத் தொந்தரவுகளுக்குக் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து தரப்படுகிறது. அதையும் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நினைவில் வையுங்கள்

* தனியாகத் தூக்காதே, இருவராய்ப் புரட்டு.
* தூக்குவதைவிட இழுப்பது நல்லது. இழுப்பதைவிடச் சுற்றுவது நல்லது.
* முழங்கால் மடங்கட்டும், முதுகு மடங்க வேண்டாம்.
* ஒரு கனத்த மெத்தையைவிட இரண்டு லேசான மெத்தை மேல்.
* மறைத்த நோய் வளரும்; சொன்ன நோய் தீரும்.

படித்து முடித்ததும் இந்தத் தாளைக் கசக்கிப் போடாமல் பக்கத்து வீட்டுத் தம்பதியருக்குக் கொடுங்கள். அப்படியே இருவரும் உள்ளே போய், உங்கள் மெத்தையின் ஒரு மூலையை மெதுவாக உயர்த்திப் பாருங்கள். "அம்மாடி!" என்று வாயில் வந்தால், இன்றைக்கே மெத்தைக்காரரிடம் சொல்லி வையுங்கள்.